மூடனுக்கு மறுமொழி சொல்வதா, விடுவதா? முரண்படும் வசனங்களை உறுதி வாசிப்பதுபோல் வாசிக்கும் முறை

யாழ்ப்பாண நகரில், காணிப் பத்திரங்கள் எழுதும் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் 34 ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதற் கிழமையே நொத்தாரிசு ஐயா இரண்டு பழைய உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, என் முன்னால் போட்டார். ஒரே காணி. ஒன்றில் கிழக்கெல்லை ஒரு விதவையின் பனங்காணி என்றிருந்தது. மற்றதில் கிழக்கெல்லை ஒழுங்கை. "எது பொய்?" என்று கேட்டார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தயங்காமல் ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, திகதியைப் பார்க்காமல் ஒருவனைப் பொய்யனாக்கிவிட்டாய்" என்றார். முதல் உறுதி எழுதிய காலத்தில் அந்த ஒழுங்கையே இல்லை. விதவை தன் காணியில் ஆறடியை ஊருக்கு விட்டுக்கொடுத்த பிறகு எழுதியது இரண்டாவது.

இப்போது ஓய்வுபெற்று வட்டுக்கோட்டையில் இருக்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பேர் கூடிக் கிறிஸ்தவ வேதாகமம் வாசிக்கிறோம். போன மாரி காலத்தில், பாடசாலையில் கணிதம் கற்பிக்கும் ஒரு தம்பி தன் கைபேசியை என் பக்கம் நீட்டினார். வேதத்தில் உள்ள முரண்பாடுகள் என்று யாரோ தொகுத்த நீண்ட பட்டியல் அது. அதில் நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தின் 4ஆம், 5ஆம் வசனங்கள் இருந்தன.

"மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே, கொடுத்தால் நீயும் அவனைப்போலாவாய்."

"மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடு; கொடாவிட்டால் அவன் தன் பார்வைக்கு ஞானியாயிருப்பான்."

"ஐயா, கணக்கில் என்றால் இரண்டில் ஒன்றை வெட்டிவிடுவேன். இங்கே என்ன செய்வது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு ஐந்து சனிக்கிழமை இருந்தோம். அப்போது என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஞானம், மூடத்தனம் பற்றிய வசனங்களுக்கு இந்த முறை நன்றாக உதவுகிறது. அரசர்களின் ஆண்டுக் கணக்கு, வம்ச வரலாறு ஆகியவற்றில் வரும் முரண்பாடுகளுக்கு வேறு படிப்பு வேண்டும். அதற்கு நான் ஆள் இல்லை.

வேண்டிய பொருட்கள் அதிகமில்லை. எங்கள் ஆலயங்களில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம் ஒன்று. அதோடு ஒத்துப் பார்க்க 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ஒன்று. கத்தோலிக்க நண்பர் வீட்டில் அது இருக்கும், இரவல் கேட்கலாம். ஒரு சீஆர் கொப்பி, ஒரு பென்சில். பேனையால் எழுதாதீர்கள். முதற் கிழமை எழுதியதை ஐந்தாம் கிழமை பார்க்க வெட்கமாக இருக்கும். மூலச் சொல்லுக்கு எண் காட்டும் செயலி ஒன்று கைபேசியில் இருந்தால் மிக நல்லது. ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவர் 1890இல் வெளியிட்ட ஒத்துவாக்கிய அகராதியில் எபிரேய, கிரேக்கச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். அந்த இரண்டு மொழியும் தெரியாத என்னைப்போன்றவர்களுக்கு அந்த எண் ஓர் ஊன்றுகோல். ஊன்றுகோல் பிடித்தவன் ஓட்டப்பந்தயத்துக்குப் போகக்கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாலு எல்லையையும் நடந்து பாருங்கள்

காணியை நடுவில் நின்று பார்த்தால் ஒன்றும் விளங்காது. கிழக்கில் யார், வடக்கில் யார் என்று சுற்றி வரவேண்டும். வசனத்துக்கும் அப்படித்தான். 4ஐயும் 5ஐயும் தனியே எடுத்து வைத்தால் சண்டை. 26ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து 12ஆம் வசனம் வரை ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். 2ஆம் வசனத்தைத் தவிர எல்லாவற்றிலும் மூடன் வருகிறான். இது மூடனைப் பற்றி வேண்டுமென்றே கோத்த ஒரு சரம். அந்தச் சரத்தில் இரண்டு எதிர்மொழிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது தற்செயலாக இருக்க முடியாது. தொகுத்தவருக்குக் கண் தெரியும்.

முதல் வசனம், அறுப்புக் காலத்து மழை தகாததுபோல மூடனுக்கு மகிமை தகாது என்கிறது. எங்கள் கூட்டத்தில் தோட்டமும் வயலும் செய்யும் ஒருவர் இருக்கிறார். அவரிடம், "மழை நல்லதா கெட்டதா?" என்று கேட்டேன். "கார்த்திகையில் நல்லது. தையில் கதிர் சாய்ந்து கிடக்கும்போது பெய்தால் எங்கள் வயிற்றில் அடிக்கும்" என்றார். அதே மழை. காலம் மாறினால் பெயர் மாறுகிறது. அந்த அதிகாரம் அந்த நினைவோடுதான் தொடங்குகிறது.

பிறகு 7ஆம், 9ஆம் வசனங்களுக்கு வாருங்கள். மூடரின் வாயிலுள்ள உவமைச்சொல் நொண்டியின் கால்போலக் குந்தும் என்கிறது ஒன்று. மற்றது இன்னும் கடுமை: "மூடன் வாயில் அகப்பட்ட பழமொழி, வெறியன் கையில் அகப்பட்ட முள்ளு." பழமொழிகளின் நூலே பழமொழியை நம்பிக் கண்ணை மூடாதே என்கிறது. சரியான பழமொழியும் தவறான கையில் குத்தும். நம்மிடம் "தன் கையே தனக்கு உதவி" என்றும் இருக்கிறது, "தனி மரம் தோப்பாகாது" என்றும் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆச்சி ஒரே நாளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரை யாரும் முரண்பாட்டுப் பட்டியலில் போடவில்லை.

எல்லையைப் பார்த்தபின் வசனத்தின் பின்பாதியைப் பாருங்கள். கொப்பியில் நடுவே கோடு போட்டு இரண்டு நிரல் எழுதுங்கள். கட்டளை ஒரு பக்கம், அதை மீறினால் வரும் கேடு மறுபக்கம். 4ஆம் வசனத்தின் கேடு பேசுகிறவனுக்கு வருவது: நீயும் அவனைப்போலாவாய். 5ஆம் வசனத்தின் கேடு மூடனுக்கு வருவது: அவன் தன்னை ஞானி என்று நினைத்துக்கொள்வான். ஆகவே பதில் சொல்லுமுன் கேட்கவேண்டிய கேள்வி, இப்போது யார் கெடப்போகிறார் என்பது. கணிதத் தம்பி இதைப் பார்த்ததும், "அப்படியானால் இவை இரண்டு சமன்பாடு இல்லை, இரண்டு எச்சரிக்கைப் பலகை" என்றார்.

எனக்கு இந்த இரண்டு வசனமும் புத்தகத்திலிருந்து விளங்கவில்லை, எங்கள் மேற்கு வேலியிலிருந்து விளங்கியது. கிளுவங் கதியால்களை, அதாவது தடிகளை, நட்ட வேலி. அயலவர் என்னைவிட மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். வேலி அடைக்கும்போதெல்லாம் கதியால் அரைச் சாண் எங்கள் பக்கம் நகரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். அவர் கத்தினார். நானும் கத்தினேன். அவர் என் தகப்பனாரை இழுத்தார். நான் அவருடைய பாட்டனாரின் பழைய வழக்கு வரை போனேன். அன்றிரவு யாரும் பார்க்காத நேரத்தில் நானே இரண்டு கதியாலைப் பிடுங்கி அவர் பக்கம் நட்டேன். காலையில் மனைவி கிணற்றடியில் நின்று சொன்னாள்: "நேற்று இரண்டு பேரின் சத்தமும் ஒரே மாதிரிக் கேட்டது. எது உங்களுடையது என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை." 4ஆம் வசனத்துக்கு அதைவிட நல்ல விளக்கவுரை நான் வாசித்ததில்லை.

அதன்பின் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. பொறுமை என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் அது பாதி வெட்கம், பாதி சோம்பல். அண்ணையோ சந்தியில் நின்று, "உறுதி எழுதுகிறவனே வாய் திறக்கவில்லை, எல்லை எதுவென்று அவனுக்குத் தெரியும்" என்று சொல்லத் தொடங்கினார். தன் பார்வைக்கு ஞானியாகிவிட்டார். கடைசியில் ஒரு நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு போனேன். "அண்ணை, என் உறுதி வேண்டாம். உங்கள் உறுதியில் உள்ளபடியே அளப்போம்" என்றேன். அவர் பெருமையாகத் தன் உறுதியை எடுத்து வந்தார். அதன்படி அளந்தால் அவருடைய கிணற்றுக்கட்டின் மூலையே எங்கள் வளவுக்குள் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கிணறு கேட்கவும் இல்லை. அடுத்த முறை வேலி நேராக அடைபட்டது.

இங்கே ஒரு தமிழ்ச் சொல்லைக் கவனியுங்கள். இரண்டு வசனத்திலும் "மதியீனத்தின்படி" என்றே இருக்கிறது. மூலத்திலும் இரண்டிடத்திலும் ஒரே தொடர்தான். எங்கள் தொழிலில் படி என்றால் பிரதியும்தான். உறுதிக்குப் படி எடுப்போம். முதல் தடவை நான் அண்ணையைப் படியெடுத்தேன், அச்சொட்டாக அவரே போல. இரண்டாந் தடவை அவர் சொன்னபடியே போய், அது எங்கே முடிகிறது என்று காட்டினேன். ஒரே "படி", இரண்டு வேலை.

இந்த இரண்டு வசனமும் யூத ரபிமாரையும் உறுத்தியிருக்கின்றன. அவர்களுடைய பழைய விளக்க நூலான தல்மூதின் சப்பாத் என்ற பகுதியில், இந்த முரண்பாட்டுக்காக நீதிமொழிகளையே ஒதுக்கிவைக்க நினைத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. பிறகு அவர்கள் கண்ட தீர்வு: ஒன்று வேதக் காரியம் பற்றியது, மற்றது உலகக் காரியம் பற்றியது, வேதக் காரியத்தில் மூடனுக்குப் பதில் சொல், மற்றதில் விடு. எனக்கு அந்தப் பிரிப்பு முழுத் திருப்தி தரவில்லை. எங்கள் ஊரில் வேதக் காரியத்தில்தான் ஆட்கள் மிக விரைவாக ஒருவரையொருவர் படியெடுக்கிறார்கள். ஆனாலும் அவர்கள் புத்தகத்தை ஒதுக்கவும் இல்லை, வசனத்தைத் திருத்தவும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு, எங்கே எது என்று தேடினார்கள். அந்த வழி சரியானது.

அடுத்து, ஒரே சொல்தானா என்று பாருங்கள்

பழைய யாழ்ப்பாண உறுதிகளில் லாச்சம் என்ற நில அளவு வரும். அனுபவமில்லாதவர் இரண்டு உறுதியிலும் லாச்சத்தைக் கண்டவுடன் கூட்டிக் கழிக்கத் தொடங்குவார். வரகு விதைப்புக் கணக்கா, நெல் விதைப்புக் கணக்கா என்று பார்க்கவேண்டும். அதைப் பார்க்காமல் கூட்டினால் காணி குறையும், தலையிடி கூடும்.

வேதத்தில் இதற்கு நல்ல பயிற்சி மத்தேயு சுவிசேஷம். 5:22இல் இயேசு, தன் சகோதரனை மூடனே என்று சொல்லுகிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாயிருப்பான் என்கிறார். 23:17இல் அவரே வேதபாரகரையும் பரிசேயரையும் பார்த்து, "மதிகேடரே, குருடரே!" என்கிறார். தமிழில் வாசித்தால் முரண்பாடே தெரியாது, ஏனென்றால் சொல் வேறு. எண்ணைப் பாருங்கள்: இரண்டிடத்திலும் 3474. மோரோஸ் என்ற ஒரே கிரேக்கச் சொல். எங்கள் விறாந்தையில் இதைக் கண்ட அன்று ஒருவரும் பிளேன்ரீயைத் தொடவில்லை.

இன்னும் தேடினால், மணலின்மேல் வீடு கட்டியவன் 3474. எண்ணெய் கொண்டுபோகாத ஐந்து கன்னிகைகள் 3474. தமிழில் அவர்கள் "புத்தியில்லாத"வர்கள். 1 கொரிந்தியர் 3:18இல் ஞானியாகும்படிக்கு ஒருவன் ஆகவேண்டிய "பைத்தியக்காரன்", அவனும் 3474. ஆக ஒரே சொல் தமிழில் மூடன், மதிகேடன், புத்தியில்லாதவன், பைத்தியக்காரன் என்று நாலு சட்டை போட்டிருக்கிறது. மறுபக்கமும் உண்டு. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானிடம் தேவன், "மதிகேடனே" என்கிறார், லூக்கா 12:20. அது 878, வேறு சொல். "புத்தியில்லாத கலாத்தியரே" என்று பவுல் எழுதியது 453, இன்னொரு சொல்.

இதற்காக மொழிபெயர்ப்பாளரைத் திட்டாதீர்கள். கலியாண வீட்டுக்கு எண்ணெயில்லாமல் போன பெண்பிள்ளைகளைப் பைத்தியக்காரிகள் என்று எழுதியிருந்தால் நமக்கு நன்றாகவா இருக்கும்? நம் ஊர்க்காரரான ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து உழைத்த வேதாகமம் 1850இல் சென்னையில் அச்சானது. சைவர் ஒருவர் அந்த மேசையில் இருந்து இப்படிப்பட்ட சொற்களை நிறுத்துப் பார்த்திருப்பார் என்று நினைக்க எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும். நம் கடமை, சட்டையைப் பார்த்து ஆளை முடிவு செய்யாமல் இருப்பது.

சரி, 5:22க்கும் 23:17க்கும் என்ன செய்வது? யாருக்கு, எங்கே, எதற்காக என்று எழுதுங்கள். முதலாவதில் ஒருவன் தன் சகோதரன்மேல் கோபம் கொண்டு, அவனை ஒன்றுமில்லாதவனாக்கும்படி சொல்லும் சொல். இரண்டாவதில் ஊருக்குப் போதிக்கிறவர்கள். தேவாலயத்தின்மேல் சத்தியம் செய்தால் பாதகமில்லை, தேவாலயத்தின் பொன்மேல் செய்தால் கடனாளி என்று மக்களை வழிதவறச் செய்தவர்கள். அவர்களின் தீர்ப்பு எவ்வளவு மூடத்தனமானது என்று எல்லார் முன்னும் காட்டுகிறார். இது நீதிமொழிகள் 26:5இன் பதில். இவ்வளவு எழுதியபின் ஓர் ஆபத்தையும் எழுதிவையுங்கள்: நம்மில் ஒவ்வொருவரும் அயலவரைத் திட்டும்போது 23ஆம் அதிகாரத்தில் நிற்பதாகத்தான் நினைக்கிறோம். நான் அண்ணையின் பாட்டனார் வரை போன அன்றும் எனக்கு என் கோபம் தீர்க்கதரிசியின் கோபமாகத்தான் தெரிந்தது.

சொல் தேடும்போது இன்னொன்றும் அகப்படும். "சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களும்" என்று மத்தேயு 10:16இல் இருக்கிறது. பிள்ளைகள் வினாத்தாளை நினைத்து, பாம்பு எப்போது கேள்வி கேட்டது என்று கேட்பார்கள். இங்கே வினா என்றால் விவேகம். நீதிமொழிகள் 1:4 பேதைகளுக்கு வினாவைத் தருவதாகச் சொல்கிறது. அந்த வினாவுக்குரிய எபிரேய வேரே ஆதியாகமம் 3:1இல் சர்ப்பம் "தந்திரமுள்ளது" என்ற இடத்திலும், யோபு 5:13இல் ஞானிகளைப் பிடிக்கும் "தந்திரம்" என்ற இடத்திலும் இருக்கிறது. கத்தி ஒன்றுதான். அரிவாள்மனையில் இருந்தால் கறிக்கு, தெருவில் இருந்தால் பொலிசுக்கு.

பேசுகிறவர் யார்?

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஓர் அக்காவின் மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவன். ரியூசனுக்குப் போ என்றால், "இவ்வுலகத்தின் ஞானம் தேவனுக்கு முன்பாகப் பைத்தியமாயிருக்கிறது" என்று 1 கொரிந்தியர் 3:19ஐ எடுத்துப் போடுகிறானாம். அக்கா, "ஐயா, இவனுக்கு எதிராக ஒரு வசனம் சொல்லுங்கள்" என்று வந்து நின்றார். "ஞானத்தைக் கண்டடைகிற மனுஷனும், புத்தியைச் சம்பாதிக்கிற மனுஷனும் பாக்கியவான்கள்" என்று நீதிமொழிகள் 3:13 இருக்கிறது. ஆனால் வசனத்துக்கு வசனம் எறிவது கதியால் பிடுங்கி நடுவதுதான். பவுல் கொரிந்துச் சபைக்கு எழுதிய அந்தக் கடிதத்தை முதலிலிருந்து வாசியுங்கள் என்றேன்.

முதலிலிருந்து வாசித்தால் பவுல் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசவில்லை என்று பத்து நிமிடத்தில் தெரியும். குலோவேயாளின் வீட்டார் அவருக்கு ஒரு செய்தி சொல்லியிருக்கிறார்கள்: சபையில் கட்சி கட்டுகிறார்கள். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன். நம் பட்டிமன்றங்களுக்குப் பின் சந்தியில் நடக்கும் சண்டை நினைவுக்கு வரும்; யார் வென்றார், யார் நன்றாக அடுக்கினார் என்பதுதான் பேச்சு. பவுல் 1:17இல் "சாதுரிய ஞானம்" என்று அதற்குப் பெயர் வைக்கிறார். அதே பவுல் 2:6இல், தேறினவர்களுக்குள்ளே நாங்களும் ஞானத்தைப் பேசுகிறோம் என்கிறார். 6:5இல், சகோதரரின் வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகியாவது இல்லையா என்று வெட்கப்படுத்துகிறார். ஞானமே வேண்டாம் என்பவர் ஞானியைத் தேடமாட்டார்.

3:18ஐ மெதுவாக வாசியுங்கள். "உங்களில் ஒருவன் தன்னை ஞானியென்று எண்ணினால்" என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அது நீதிமொழிகள் 26:5இல் பார்த்த "தன் பார்வைக்கு ஞானி"தான். 26:12 அவனைப் பற்றி, அவனைப்பார்க்கிலும் மூடனைக் குறித்து அதிக நம்பிக்கையாயிருக்கலாம் என்று சொல்லி அந்தச் சரத்தை முடிக்கிறது. பாக்கியவான் என்று சொன்ன 3:13க்கு ஆறு வசனம் முன்னால், 3:7இலும், "நீ உன்னை ஞானியென்று எண்ணாதே" என்று இருக்கிறது. கொரிந்துக் கடிதமும் நீதிமொழிகளும் ஒரே ஆளைத்தான் காதில் பிடிக்கின்றன.

அந்தப் பையனுக்காகத் தேடப் போய் இன்னொரு சிக்கலில் மாட்டினோம். பவுல் அங்கே எடுத்துக்காட்டும் "ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலே பிடிக்கிறார்" என்ற வரி யோபு 5:13. அதைச் சொன்னது யோபுவின் நண்பர் எலிப்பாஸ். யோபுவின் புத்தகத்தின் முடிவில் கர்த்தர் எலிப்பாசைப் பார்த்து, யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். கடிந்துகொள்ளப்பட்ட ஒருவரின் வார்த்தையைப் பவுல் எப்படி வேதவாக்கியமாக எடுத்தார்? இரண்டு சனிக்கிழமை இதிலேயே போனது. நான் வந்து சேர்ந்த இடம் இது: அந்த வரி பொய்யில்லை. பிள்ளைகளை இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதன்மேல் அதைப் போட்டதுதான் பிழை. வெறியன் கையில் முள்ளு. பவுல் அதே முள்ளைச் சரியான இடத்தில், பேச்சுத்திறனால் வீங்கியிருந்த ஒரு சபைமேல் வைத்தார். எங்கள் போதகர் ஐயா இதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் யோபுவில் எந்த வசனத்தை எடுத்தாலும் பேசுகிறவரின் பெயரைக் கொப்பியில் எழுதாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

பையன் இப்போது ரியூசனுக்குப் போகிறான். வசனத்தால் இல்லை, தாயார் கைபேசியை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டார்.

பிரசங்கி

"அதிக ஞானத்திலே அதிக சலிப்புண்டு, அறிவுபெருத்தவன் நோவுபெருத்தவன்" என்று பிரசங்கி 1:18 சொல்கிறது. பாக்கியம் எங்கே போனது? பலர் இதற்கு, சூரியனுக்குக் கீழே மட்டும் பார்க்கிறவனின் பேச்சு அது என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அந்தத் தொடர் புத்தகம் முழுக்க வருவது உண்மைதான். ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்டால், வலிக்கிறது என்றவனிடம் நீ நிற்கும் இடம் பிழை என்று சொல்வதுபோல எனக்குப் படுகிறது.

இதற்குப் பதிலாக, கட்டளையா, வாக்குத்தத்தமா, கண்டதைச் சொல்வதா என்று பிரியுங்கள். 1:18 கண்டதைச் சொல்வது. ஒரு முறை ஓர் அம்மா தன் வீட்டைக் கடைசி மகளுக்கு நன்கொடை உறுதி எழுத வந்தார். சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதுங்கள் அம்மா என்று சொன்னேன். "என் பிள்ளை என்னை வெளியே விடுமா தம்பி?" என்று சிரித்தார். இரண்டு ஆண்டு கழித்து பஸ் நிலையத்தில் ஒரு துணிப்பையோடு அவரைக் கண்டேன். எனக்கு அந்த அறிவு இல்லாதிருந்தால் அந்த உறுதியை எழுதிய அன்றிரவு நன்றாகத் தூங்கியிருப்பேன். அந்த அறிவைக் கேட்டு நடந்த வேறு பத்துப் பேர் இன்னும் தங்கள் வீட்டில் இருக்கிறார்கள். நீதிமொழிகள் 3:13உம் பிரசங்கி 1:18உம் ஒரே மேசையில்தான் நடந்தன. பிரசங்கியே அடுத்த அதிகாரத்தில், இருளைப்பார்க்கிலும் வெளிச்சம் எவ்வளவு உத்தமமோ அவ்வளவாய் மதியீனத்தைப்பார்க்கிலும் ஞானம் உத்தமம் என்கிறார். நோவு என்று சொன்னாரே தவிர, விட்டுவிடு என்று சொல்லவில்லை.

சிறிய முரண்பாடு ஒன்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். "ஞானத்தைச் சம்பாதி" என்கிறது நீதிமொழிகள் 4:7. குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்கிறது யாக்கோபு 1:5. ஞானம் சீதனமா, தேடியதேட்டமா, அதாவது கொடுக்கப்பட்டதா, உழைத்துச் சேர்த்ததா? யாழ்ப்பாணத்துச் சொத்துச் சட்டமான தேசவழமை தெரிந்த எங்கள் ஆட்களுக்கு இந்தக் கேள்வி இனிக்கும். நீதிமொழிகள் 2:4 முதல் 6 வரை வாசியுங்கள். புதையலைத் தேடுவதுபோல் தேடு என்று தொடங்கி, கர்த்தர் தருகிறார் என்று அதே மூச்சில் வருகிறது. வழக்கு அங்கேயே முடிந்தது.

கூட்டத்தை நடத்தும்போது

ஒருவரே நடத்தாதீர்கள், முறை வைத்து நடத்துங்கள். வசனத்தை மூன்று தரம் வாசித்து முடியும்வரை யாரும் விளக்கம் சொல்லக்கூடாது என்று ஒரு விதி வையுங்கள். எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகப் பதில் வைத்திருக்கும் ஒருவர் இருந்தார். அந்த விதி வந்தபின் அவருடைய பதில்கள் பாதியாகக் குறைந்தன, மிஞ்சிய பாதி நன்றாக இருந்தது. பேசாமலிருந்தால் மூடனும் ஞானவான் என்று எண்ணப்படுவான் என்பது நீதிமொழிகள் 17:28. சைவப் பாடசாலையில் தமிழ் கற்பித்த ஒரு நண்பர் சில வேளை வந்து ஓரமாக உட்கார்வார். அவர் உடனே, "கல்லா தவரும் நனிநல்லர் கற்றார்முன் சொல்லா திருக்கப் பெறின்" என்று 403ஆம் குறளைச் சொன்னார். கூடவே, ஊழைவிட வலியது எது என்று 380இல் கேட்ட வள்ளுவர், 620இல் ஊழையும் புறங்காண்பர் என்று சொல்வதையும் தானாகவே எடுத்துப் போட்டு, "எங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை உண்டு" என்றார். அந்தச் சனிக்கிழமை எட்டு மணி வரை போனது. மனைவி இரண்டு முறை விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள்.

கொப்பியின் கடைசி ஒற்றையை, அதாவது கடைசித் தாளை, வெறுமையாக விடுங்கள். தீராதவற்றுக்கு அது. எந்த அலுவலகத்திலும் முடியாத கோவைகளுக்கு ஓர் அலுமாரி இருக்கும். அதை வைத்திருப்பதில் வெட்கமில்லை, அதில் இருப்பதை முடிந்தது என்று முத்திரை குத்துவதுதான் குற்றம். என் ஒற்றையில் இப்போது இரண்டு இருக்கின்றன. பெருமைபாராட்டுகிறவனைக் கண்டிக்கும் பவுல், 2 கொரிந்தியர் 11இல் புத்தியீனன்போலப் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டே பெருமைபாராட்டுவது ஒன்று. அது நீதிமொழிகள் 26:5இன் பதில்தான் என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன், அரை மனதோடு. மற்றது பிரசங்கி 7:16: "மிஞ்சின நீதிமானாயிராதே, உன்னை அதிக ஞானியுமாக்காதே, உன்னை நீ ஏன் கெடுத்துக்கொள்ளவேண்டும்?" எல்லையை நடந்தேன், எண்ணைப் பார்த்தேன், பேசுகிறவரை எழுதினேன். அதன் பக்கத்தில் கணிதத் தம்பி தன் கையால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். வைகாசியில் போட்டது. இன்னும் யாரும் அழிக்கவில்லை.